திரும்பத் திரும்ப எழும்பிய போன்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். போன் பாவிக்கிற எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்திருக்கிற பெற்றோருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, தரம் 11இல் படிக்கும் என் மாணவன் ஒருவன் பள்ளிவாசல் கேற்றடியில் நின்றுகொண்டிருந்தான். முகம் வாடிப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். திரையில் கம்பனியின் பெயர் வந்தது. பிறகு வண்ண வண்ணமாக ஏதோ சுற்றியது. பிறகு இருட்டு. மறுபடியும் கம்பனியின் பெயர்.

"ராவு முழுக்க இப்பிடித்தான் சேர். எழும்புது, விழுது, எழும்புது, விழுது."

"என்ன செஞ்ச?"

"எழுத்து வடிவத்த மாத்துறதுக்கு ஒரு மொடியூல் போட்டேன் சேர். போட்டு ரீஸ்டார்ட் பண்ணினேன். அதுக்குப் பிறகு வரவே இல்ல."

"கடையில குடுத்துப் பாத்தியா?"

"குடுத்தேன். ரீசெட் அடிச்சா சரியாகும், ஆனா உள்ள இரிக்கிறதெல்லாம் அழிஞ்சிடும் எண்டாங்க."

அழிந்தால் என்ன, போன் கிடைத்தால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான். "உம்மாட வொய்ஸ் எல்லாம் இதுக்குள்ளதான் சேர்."

அவனுடைய உம்மா போன வருடம் வபாத்தானார். ஜனாஸாவுக்கு நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் மகனுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாராம். சாப்பிட்டியா, தொழுதியா, தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக் குடுத்தியா என்று, பத்து விநாடி, இருபது விநாடி. அவ்வளவுதான். அதற்கு வேறெங்கும் பிரதி இல்லை.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். போன் திருத்துகிறவன் அல்ல. ஆனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னுடைய பழைய மாணவன். மஃரிபுக்குப் பிறகு இருவருமாக அவனிடம் போனோம். அவன் போனைக் கையில் வாங்கி இரண்டு தடவை சுற்றவிட்டுப் பார்த்தான். பிறகு சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இது செத்த போன் இல்ல சேர். செத்த போன் எழும்பப் பாக்காது. இது எழும்பப் பாக்குது, ஏதோ ஒண்டு கால இழுக்குது."

அன்றிரவு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு பல நாட்கள் இதைப் பற்றியே தேடித் தேடி வாசித்தேன். நம் கையில் உள்ள சின்னச் சாமானுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாததால்தான் "ரீசெட் அடி" என்ற ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிறோம்.

*எழும்புவது எப்படி?*

கணினியை இயக்குவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை நினைவகத்துக்குள் கொண்டுவருவதற்கு இன்னொரு நிரல் வேண்டும். அப்படியானால் முதலாவது நிரலைக் கொண்டுவருவது யார்? கணினியின் ஆரம்ப காலத்திலேயே வந்த கேள்வி இது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து இந்த வேலைக்குப் 'பூட்ஸ்ட்ராப்' என்று பெயர் வைத்தார்கள். அது சுருங்கி 'பூட்' ஆனது. எழும்ப முடியாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பதுதான் 'பூட்லூப்'.

அன்ட்ரொய்ட் போன் ஒன்று எழும்புவது தொடர் ஓட்டம் மாதிரி. சிப்புக்குள் மாற்ற முடியாதபடி எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் ஓடுகிறது. அது பூட்லோடரிடம் கோலைக் கொடுக்கிறது. பூட்லோடர் கேர்னல் எனப்படும் அடிப்படை மென்பொருளிடம் கொடுக்கிறது. கேர்னல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பி, கடைசியில் நாம் பார்க்கும் முகப்புத் திரை வருகிறது. இடையில் ஒருவர் கோலைத் தவறவிட்டால் ஓட்டம் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

அதனால் திருத்துகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த இடத்தில் விழுகிறது?' என்பதுதான். கம்பனியின் பெயர் மட்டும் வந்து அணைந்தால் பெரும்பாலும் கேர்னல் பக்கத்துச் சிக்கல், இல்லாவிட்டால் வன்பொருள் பழுது. வண்ணச் சுற்று வரை வந்து விழுந்தால் கேர்னல் சரி, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்று குழம்பியிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் மருந்து கொடுப்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே ஊசி போடுவது மாதிரி.

*போனுக்கு முன்பே வந்த நோய்*

மென்பொருளை மாற்றியதால் ஒரு கருவி எழும்பாமல் போவது ஸ்மார்ட்போனோடு பிறந்த பிரச்சினை அல்ல. 1998இல் தாய்வானில் ஒரு பல்கலைக்கழக மாணவர் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. 1999 ஏப்ரல் 26இல் அது விழித்துக்கொண்டது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் ஓர் ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

அதுவரை வந்த வைரஸ்கள் வன்தட்டில் உள்ளதைக் கெடுத்தன. இது அதோடு நிற்கவில்லை. கணினியை எழுப்பும் முதல் நிரல் இருக்கும் பயோஸ் சிப்பின் மேலேயே குப்பையை எழுதியது. அகப்பட்ட கணினிகளில் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு எழுத்துக்கூட வராது.

அதற்குத் திருத்துநர்கள் கண்டுபிடித்த வழி துணிச்சலானது. அதே மாதிரியான நல்ல கணினி ஒன்றை இயக்குவார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயோஸ் சிப்பைக் கழற்றிவிட்டு, செத்த சிப்பை அந்த இடத்தில் செருகி, சரியான நிரலை அதில் எழுதுவார்கள். நல்லதைக் கொண்டு கெட்டதை எழுப்பினார்கள். பிறகு சில தாய்ப்பலகை நிறுவனங்கள் பயோஸின் இரண்டு பிரதிகளை வைக்கத் தொடங்கின. ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும். இந்த 'இரண்டு பிரதி' யோசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் வரப்போகிறது.

*2007: விலை கொடுத்து வாங்கியது யாருடையது?*

2007 ஜூன் 29இல் முதலாவது ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரேயொரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் சிம்தான் அதில் வேலை செய்யும். வெளியார் எழுதிய செயலி எதுவும் போட முடியாது. இரண்டு மாதம் ஆகவில்லை. ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அந்தச் சிம் பூட்டைத் திறந்துவிட்டார். திறந்த அந்தப் போனைக் கொடுத்து அதற்குப் பதிலாக ஒரு காரும் மூன்று புதிய ஐபோன்களும் வாங்கினார்.

செப்டெம்பர் 24இல் அப்பிள் நிறுவனம் எச்சரித்தது. பூட்டைத் திறக்கும் நிரல்களால் போனின் மென்பொருள் கெட்டிருக்கலாம், அடுத்த மேம்படுத்தலோடு போன் நிரந்தரமாக இயங்காமல் போகலாம் என்றது. மூன்று நாளில் அந்த மேம்படுத்தல் வந்தது. சொன்னபடியே பல போன்கள் பாவிக்க முடியாமல் போயின. போன் செங்கல்லாகிவிட்டது என்ற பேச்சு செய்திகளில் அடிபட்ட காலம் அது. ஆனால் 'நிரந்தரமாக' என்பது நிரந்தரமாக இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவற்றை மீட்கும் வழிகளைத் தன்னார்வலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதோடு ஒரு சட்டக் கேள்வியும் எழுந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய போனின் பூட்டை நானே திறப்பது குற்றமா? 2010 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதற்கு ஒரு விதிவிலக்குக் கொடுத்தது. சட்டபூர்வமாகப் பெற்ற செயலிகளை ஓட்டுவதற்காகப் போனின் தடையை உடைப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்றது. குற்றம் ஆகாது என்றுதான் சொன்னார்கள். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை.

*'ரீபூட்' என்று எழுதினால் ரீபூட் ஆகிய போன்*

2008 ஒக்டோபரில் முதலாவது அன்ட்ரொய்ட் போன் விற்பனைக்கு வந்தது. எச்ரிசி தயாரித்த ஜி1. விசைப்பலகை உள்ள போன். அடுத்த மாதமே அதில் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிற ஒரு பிழை அகப்பட்டது.

ஒருவர் தன் காதலிக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். பதில் ஏன் தாமதம் என்று அவர் கேட்க, போனை இப்போதுதான் ரீபூட் செய்தேன் என்ற பொருளில் 'ரீபூட்' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினார். போன் உடனே அணைந்து மறுபடி எழும்பியது! காரணம் என்னவென்றால், விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் செய்திக்குப் போவதோடு, திரைக்குப் பின்னால் உச்ச அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளை வாயிலுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த உச்ச அதிகாரத்துக்குத்தான் 'ரூட்' என்று பெயர்.

கூகுள் அந்தப் பிழையை அடைத்து, அடுத்த பதிப்பை அவசரமாக வெளியிட்டது. ஆனால் போனைத் தங்கள் விருப்பப்படி மாற்ற நினைத்தவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். பிழை உள்ள பழைய பதிப்பை நினைவக அட்டையில் ஏற்றி, போனைப் பின்னுக்குக் கொண்டுபோய், அந்த ஓட்டை வழியாக ரூட் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். மாற்றியமைத்த மென்பொருட்கள், அதாவது 'கஸ்டம் ரொம்'கள், இந்தப் போனில்தான் செழித்தன. ஸ்டீவ் கொன்டிக் என்பவர் 2009இல் தொடங்கிய சயனொஜன்மொட் அவற்றில் பெயர் பெற்றது. அது 2016 டிசெம்பரில் மூடப்பட்டபோது, அதன் நிரலை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் வேறு தன்னார்வலர்கள் தொடர்ந்தார்கள். நிறுவனம் கைவிட்ட பழைய போன்களுக்குப் புதிய அன்ட்ரொய்ட் கொடுப்பது இவர்களைப் போன்றவர்கள்தான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, புதுப் போன் வாங்க வழியில்லாமல் பழைய போனையே இழுத்தடித்த நம் நாட்டவர்களுக்கு இந்த வேலையின் பெறுமதி விளங்கும்.

ஆனால் நான் கவனித்த விஷயம் வேறு. அந்த முதற் கூட்டம் மாற்றுவதற்கு வழி கண்டதோடு நிற்கவில்லை. திரும்பி வருவதற்கும் வழி செய்தது. போனில் 'ரிகவரி' என்று ஒரு தனிப் பகுதி உண்டு. பிரதான மென்பொருள் எழும்பாவிட்டாலும் இது தனியாக எழும்பும். அவர்கள் அதை மாற்றி எழுதி, போனின் நினைவகம் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து வைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். 'நன்ட்ரொய்ட் பேக்கப்' என்று அதற்குப் பெயர். புதிய ரொம் ஏற்றும் எந்த வழிகாட்டலிலும் முதல் வரி அதுதான்: முதலில் பிரதி எடு. பூட்லூப் வந்தால் ரிகவரிக்குப் போய்ப் பிரதியைத் திருப்பிப் போடு. நேற்றைய போன் அப்படியே வந்துவிடும்.

இன்று நம் பிள்ளைகள் யூடியூப்பில் ஐந்து நிமிட வீடியோ பார்த்து மாற்றத் தொடங்குகிறார்கள். வீடியோ போடுகிறவர் போகிற வழியைக் காட்டுகிறார். வருகிற வழியைப் பல வேளை காட்டுவதில்லை.

*2012: மருந்தே நஞ்சான கதை*

பூட்லூப் என்றால் 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று' என்பது நெடுநாள் மருந்து. 2012இல் அந்த மருந்தே சில போன்களைக் கொன்றது.

சாம்சங்கின் கலக்ஸி எஸ்2, கலக்ஸி நோட் முதலிய போன்களுக்கு அன்ட்ரொய்ட் 4 வந்துகொண்டிருந்த காலம். அவற்றில் பலவற்றில் இருந்த நினைவகச் சிப்பின் உள் நிரலில் ஒரு பிழை இருந்தது. சாதாரணமாகப் பாவிக்கும்போது அது வெளியே தெரியாது. ஆனால் புதிய கேர்னலோடு ரிகவரிக்குப் போய் 'அழி' என்று கொடுத்தால், சிப்புக்கு ஒரு நேரடி அழிப்புக் கட்டளை போகும். அந்தக் கட்டளையில் சிப்பு தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தையே குழப்பிக்கொள்ளும். அதன் பிறகு அந்த இடத்தில் எழுதவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. 'சுப்பர்பிரிக்' என்று அதற்குப் பெயர் வந்தது. பலருக்குத் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கே யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை. வழக்கமான மருந்தை வழக்கமான முறையில் கொடுத்தார்கள். சிப்பு மாறியிருந்தது, நோய் மாறியிருந்தது, மருந்து மட்டும் மாறவில்லை. கடைசியில் பாவனையாளர்களே ஒன்றுகூடி, எந்தக் கேர்னலில் அழிக்கக் கூடாது என்ற பட்டியல்களை எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் எத்தனையோ போன்களைக் காப்பாற்றியிருக்கும்.

*பூட்டுகளின் காலம்*

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2013 அளவில் சாம்சங் நொக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் சிப்புக்குள் ஒரு மின் உருகி இருக்கும். அங்கீகரிக்கப்படாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும். பிறகு எதைத் திருப்பி ஏற்றினாலும் அது சேராது. போன் ஒரு தடவை திறக்கப்பட்டது என்பதற்கு அது நிரந்தரச் சாட்சி.

அதே 2013இல் வந்த அன்ட்ரொய்ட் 4.4, எழும்பும்போது மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. 2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7 அதைக் கண்டிப்பாக்கியது. பூட்லோடர் பூட்டியிருக்கும் நிலையில் மென்பொருள் மாறியிருந்தால் போன் எழும்பவே மறுக்கும். அதே பதிப்பில்தான் அந்த 'இரண்டு பிரதி' யோசனையும் போனுக்கு வந்தது. இத்தகைய போன்களில் மென்பொருள் ஏ, பி என்று இரு இடங்களில் இருக்கும். ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றதில் மேம்படுத்தல் ஏறும். புதியது எழும்பாவிட்டால் போன் பழையதற்குத் திரும்பும். அடுத்த வருடம் அன்ட்ரொய்ட் 8 இன்னொன்றைச் சேர்த்தது. முக்கிய பகுதிகள் திரும்பத் திரும்ப விழுவதைப் போன் தானே கவனித்து, படிப்படியாகச் சில அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்க்கும். எதுவும் சரிவராவிட்டால் ரிகவரிக்குப் போய் எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று கேட்கும்.

மாற்றுகிறவர்களும் வழியை மாற்றிக்கொண்டார்கள். 2016இல் ஜோன் வூ என்ற தாய்வான் இளைஞர் மெஜிஸ்க் என்ற கருவியை வெளியிட்டார். அது போனின் பிரதான மென்பொருளில் கை வைப்பதில்லை. எழும்புவதற்கான சிறு பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு, போன் எழும்பும் நேரத்தில் தன் மாற்றங்களை மேலே ஒரு போர்வை மாதிரி விரிக்கும். அடியில் உள்ளது அப்படியே இருக்கும். மொடியூல் என்பது அந்தப் போர்வையில் ஒரு துண்டு. அந்தத் துண்டில் பிழை இருந்தால் போன் விழும். துண்டை எடுத்துவிட்டால் எழும்பும். நம்முடைய மாணவனுக்கு நடந்தது இதுதான்.

மாற்றாத போன் விழாது என்றும் நினைக்க வேண்டாம். 2020இல் ஒரு புகைப்படம் பல போன்களை விழுத்தியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஓர் ஏரியின் அழகான படம். அதை முகப்புப் படமாக வைத்தவுடன் அன்ட்ரொய்ட் 10 இருந்த சில போன்கள் பூட்லூப்பில் விழுந்தன. வெளிச்சத்தின் அளவை 0 முதல் 255 வரை கணக்கிடும் ஒரு நிரல் அது. அந்தப் படத்தின் வண்ண முறையில் ஒரு புள்ளி 255ஐத் தாண்டியது. எதிர்பார்க்காத எண்ணைக் கண்ட நிரல் விழுந்தது. திரையை எழுப்பும்போது படம் வரும், படம் வந்தால் திரை விழும். ஒரு படத்தினால் பலர் தங்கள் போனில் இருந்த எல்லாவற்றையும் அழிக்க வேண்டி வந்தது.

*பூட்டு யாரைக் காக்கிறது?*

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும் என்ற விதி பலருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அதற்கு நியாயம் உண்டு. உங்கள் போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து, தன் மென்பொருளை ஏற்றி, உங்கள் படங்களைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் அழிக்கிறது. அதோடு அன்ட்ரொய்ட் 10க்குப் பிறகு புதிதாக வரும் எல்லாப் போன்களிலும் தரவு மறைகுறியாக்கப்பட்டே இருக்க வேண்டும். சிப்பைக் கழற்றி வேறு போனில் வைத்து வாசிக்கலாம் என்ற பழைய நம்பிக்கை இனிப் பலிக்காது.

ஆக, திருடனிடமிருந்து உங்களைக் காக்கும் அதே பூட்டு, போன் எழும்பாத அன்று உங்களையும் வெளியே நிறுத்திவிடும். அதற்கு ஆள் தெரியாது. மகன் யார், கள்ளன் யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே பிரதி எடுத்து வைப்பது நம் பொறுப்பு.

*கடையில் நடந்தது*

தம்பி முதலில் மாணவனிடம் கேட்டது, "கடைசியா என்ன மாத்தின? பொய் சொல்லாம சொல்லு." அவன் சொன்னான். அடுத்த கேள்வி, "பூட்லோடரத் திறந்தது ஆரு?" கட்டாரில் இருக்கும் காக்கா வாங்கி அனுப்பும்போதே திறந்து, மெஜிஸ்க்கும் போட்டு அனுப்பியிருக்கிறார். அப்போது போன் புதிது, அழிவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

வண்ணச் சுற்று வரை போன் வருகிறது. ஆகவே கேர்னல் சரி. மாற்றியது ஒரு மொடியூல். ஆகவே அழிக்கத் தேவையில்லை. தம்பி போனை முதலில் அரை மணித்தியாலம் சார்ஜில் போட்டான். பிறகு, எழும்பிவரும் நேரத்தில் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். முதல் தடவை பிந்திவிட்டது. இரண்டாவது தடவையும் சரிவரவில்லை. மூன்றாவது தடவை போன் எழும்பியது. திரையின் மூலையில் 'சேஃப் மோட்' என்று இருந்தது.

மாணவன் இலக்கத்தை அடித்துத் திறந்தான். வட்ஸ்அப்பைத் தேடினான். இல்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பயப்படாத," என்றான் தம்பி. "சேஃப் மோட்ல நாம போட்ட அப் ஒண்டும் வேலை செய்யாது. ஆனா இந்த மோட்ல எழும்பினா மெஜிஸ்க் எல்லா மொடியூலையும் தானா நிப்பாட்டிடும். இப்ப சாதாரணமா ரீஸ்டார்ட் பண்ணுவம். பிஸ்மி சொல்லு."

கம்பனியின் பெயர் வந்தது. வண்ணச் சுற்று வந்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது. பிறகு முகப்புத் திரை.

வட்ஸ்அப் இருந்தது. உம்மாவின் பெயர் இருந்தது. அவன் ஒன்றைத் தட்டினான். கடையின் சத்தத்துக்குள் ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது. எட்டு விநாடி இருக்கும். நாங்கள் இருவரும் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

தம்பி அங்கேயே அந்தப் பிழையான மொடியூலை நீக்கினான். குரல் பதிவுகள் முழுவதையும் ஒரு நினைவக அட்டைக்கும் தன் கணினிக்கும் பிரதி எடுத்தான். அங்கிருந்தே காக்காவுக்கும் அனுப்பினான். பிறகு தன் கணினியில் இருந்ததை எங்கள் கண்முன்னாலேயே அழித்தான். "இது அமானிதம் சேர், என்ட கடையில இரிக்கக் கூடாது" என்றான். வேலைக்கு ஐந்நூறு ரூபா எடுத்தான். நான் அவனைப் பார்த்தேன். "சும்மா செஞ்சா நாளைக்கும் பேக்கப் எடுக்காம வருவான் சேர்" என்றான். சரிதான்.

*உங்களுக்கு நடந்தால்*

தம்பியிடம் கேட்டு எழுதியது. சேமித்து வையுங்கள்.

1. உடனே ரீசெட் அடிக்க வேண்டாம். அது கடைசி வழி. அடித்த பிறகு அதற்குத் திருப்பம் இல்லை.

2. முதலில் நன்றாகச் சார்ஜ் பண்ணுங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் சின்னப் பிரச்சினை பெரிதாகும்.

3. எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதை ஞாபகப்படுத்துங்கள். அந்த ஒன்றை மட்டும் பின்னெடுக்கப் பாருங்கள்.

4. சேஃப் மோடில் எழுப்பிப் பாருங்கள். பொத்தான் முறை போனுக்குப் போன் மாறும்.

5. மெஜிஸ்க் போட்ட பிறகு வந்த சிக்கல் என்றால், அதே மொடலின், அதே பதிப்பின் மூல பூட் கோப்பைத் திருப்பி ஏற்றினால் பெரும்பாலும் தரவு அழியாமல் மீளும். பதிப்பு ஓர் எண் மாறினாலும் வேறு சிக்கல் வரலாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6. மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போது பூட்லோடரைத் திரும்பப் பூட்டாதீர்கள். பூட்டினால் போன் கையொப்பத்தைச் சரிபார்த்து, எழும்பவே மறுத்துவிடும்.

7. கடைக்காரரிடம் கொடுக்கும்போது "உள்ளே இருப்பது எனக்கு வேண்டும், கேட்காமல் அழிக்காதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. போன் நன்றாக இருக்கும் இன்றைக்கே, உங்களிடம் உள்ள பெற்றோரின் குரலை, பிள்ளைகளின் படத்தை இன்னோர் இடத்தில் பிரதி எடுங்கள்.

பிள்ளைகள் போனை மாற்றிப் பார்ப்பதை நான் தடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆர்வத்தில்தான் சயனொஜன்மொட்டும் மெஜிஸ்க்கும் வந்தன. பஸ் நிலையத்துத் தம்பியும் அப்படிக் கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினான். திறக்கப் படிக்கிற பிள்ளை, திரும்பி வரவும் படிக்கட்டும். அவ்வளவுதான்.

நேற்று அந்த மாணவன் வகுப்பில் கேட்டான், "சேர், எழுத்து வடிவத்த மாத்த வேற ஒரு மொடியூல் இரிக்காம், போடவா?"

"பேக்கப் எடுத்தியா?" என்று கேட்டேன்.

"மூண்டு இடத்துல இரிக்கு சேர்."

"அப்ப போடு," என்றேன்.